தகுதிக் காய்ச்சல்

மாத்தளை மாவட்டத்தில் உள்ளூராட்சித் தேர்தல் என்று பேச்சு அடிபட்டதுமே நம் தோட்டப்புறத்துப் பெரியவர்கள் சிலருக்கு ஒரு காய்ச்சல் கண்டுவிடுகிறது. ஆண் வேட்பாளர் நின்றால் அது வருவதில்லை. அவர் எதுவரை படித்தார், பிரதேச சபைச் சட்டத்தைப் புரட்டியாவது பார்த்தாரா, வரவுசெலவுத் திட்டத்தைக் கையில் கொடுத்தால் எந்தப் பக்கத்திலிருந்து வாசிப்பார் என்றெல்லாம் எவரும் விசாரித்ததாகச் சரித்திரம் இல்லை. லயத்திலிருந்து ஒரு பெண் வேட்புமனுவில் கையெழுத்து வைத்தாள் என்று காதில் விழுந்தால் மட்டும் ‘தகுதி’, ‘அனுபவம்’, ‘ஆளுமை’ என்று பிதற்றல் ஆரம்பித்து, வாக்கெண்ணி முடியும்வரை சூடு இறங்குவதில்லை.

அப்படிக் காய்ச்சலில் கிடக்கும் மூத்த தொழிற்சங்கவாதி ஒருவர், மலையகத் தமிழ்ப் பெண்கள் பிரதேச சபைக்குப் போட்டியிடுவதால் சமூகத்துக்கு வரவிருக்கும் கேடுகளை வரிசையாக அடுக்கினார். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. காரணம் மரியாதை அல்ல. அவர் அடுக்கியதில் அவருக்கென்று சொந்தமாக ஒன்றுமே இல்லை. இரத்தோட்டையிலிருந்து உக்குவளை வரை எந்தச் சங்கக் காரியாலயத்துக்குள் நுழைந்தாலும் அதே வாதங்கள் அதே வரிசையில் கிடைக்கும். பொதுச்சொத்துக்கு ஒருவரை மட்டும் உரிமையாளராக்குவது மற்றவர்களுக்குச் செய்யும் அநீதி.

முதல் வாதம், பெண் உறுப்பினர்கள் ஒதுக்கீட்டால் வந்தவர்கள், மக்கள் வாக்கால் வந்தவர்கள் அல்லர் என்பது. கேட்பதற்குக் கனமாகத்தான் இருக்கிறது. சட்டத்தைப் படிக்காதவருக்கு மட்டும். 2016, 2017 திருத்தங்களுக்குப் பிறகு உள்ளூராட்சி ஆசனங்களில் 60 சதவீதம் வட்டாரத்துக்கும் 40 சதவீதம் மேலதிகப் பட்டியலுக்கும் போகின்றன. வட்டார வேட்பாளர்களில் குறைந்தது 10 சதவீதமும் மேலதிகப் பட்டியலில் 50 சதவீதமும் பெண்களாக இருக்க வேண்டும். சபையின் மொத்த உறுப்பினரில் நாலில் ஒரு பங்கு பெண்கள் என்பது குறி. 2018 பெப்ரவரி 10ஆம் திகதி இந்த முறையில் முதன்முதலாகத் தேர்தல் நடந்தது. அதற்கு முன் நாடு முழுவதும் உள்ளூராட்சி மன்றங்களில் 2 சதவீதத்தைத் தொடாமல் கிடந்த பெண்கள் ஒரே தேர்தலில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினார்கள். சரி, அந்த மேலதிகப் பட்டியலின் மற்ற பாதியில் இருப்பவர்கள் யார்? ஆண்கள். அவர்களுடைய பெயருக்கு நேரே எந்த வாக்காளர் புள்ளடி போட்டார்? ஒருவரும் இல்லை. ஆக, பட்டியலில் வந்த ஆணுக்குப் பெயர் ‘கௌரவ உறுப்பினர்’, அதே பட்டியலில் அடுத்த வரியில் வந்த பெண்ணுக்குப் பெயர் ‘போனஸ்’ என்றால், இங்கே அளக்கப்படுவது தகுதியா, வேட்டியா?

இதைவிடப் பெரிய வேடிக்கை சட்டத்தின் உள்ளேயே இருக்கிறது. பெரியவர் அதைத் தெரியாமல் விட்டாரா, தெரிந்தே விட்டாரா என்பதை வாசகர் ஊகத்துக்கு விடுகிறேன். ஒரு சபையில் 20 சதவீதத்துக்குக் குறைந்த வாக்கும் மூன்றுக்குக் குறைந்த உறுப்பினரும் பெறும் கட்சி, பெண்களை நியமிக்க வேண்டிய கட்டாயத்திலிருந்து விலக்குப் பெறுகிறது. தமிழர் சிறுபான்மையாகச் சிதறிக் கிடக்கும் மாத்தளை போன்ற மாவட்டத்தில் ஒரு மலையகக் கட்சி தனிச் சின்னத்தில் நின்றால் ஒரு சபையில் எத்தனை ஆசனம் எடுக்கும்? ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அந்த ஒன்றையோ இரண்டையோ பெண்ணுக்குக் கொடு என்று சட்டம் அவர்களைக் கேட்பதே இல்லை. ஆகவே ஒதுக்கீடு வந்து தலைவர்களின் நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டது என்ற ஒப்பாரிக்கு இந்த மாவட்டத்தில் பிணமே இல்லை. சட்டம் தங்களைத் தொடாமல் விலகிப் போயிருக்கும்போதே இவ்வளவு அலறல் என்றால், தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

தகுதி என்ற பேச்சை எடுத்தவர்கள் தங்கள் வீட்டு முற்றத்தையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. மலையகத்தின் மிகப் பெரிய சங்கத்தின் தலைமை சௌமியமூர்த்தி தொண்டமானிடமிருந்து அவருடைய பேரன் ஆறுமுகன் தொண்டமானுக்கும், அவரிடமிருந்து மகன் ஜீவன் தொண்டமானை நோக்கியும் வந்தது நாடறிந்த சங்கதி. அவர்களுடைய ஆற்றலைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. அது வேறு விசாரணை. அந்த வாரிசுரிமையின்போது எந்தத் தோட்டத் தலைவராவது எழுந்து நின்று, தம்பிக்கு அனுபவம் போதுமா, தகுதிச் சான்றிதழ் எங்கே என்று கேட்டாரா? இரத்தத்தில் வந்தால் தலைமைத்துவம், சட்டத்தில் வந்தால் சலுகை என்பதுதான் பெரியவரின் அரசியல் விஞ்ஞானம் போலும்.

பட்டியலில் வந்த சில பெண்களுக்காகக் கணவன்மார் பேசினார்கள், அண்ணன்மார் கையெழுத்து வாங்கினார்கள் என்பது உண்மைதான். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அப்படிப்பட்டவர்களைத் தேடிப்பிடித்துப் பட்டியலில் போட்டது யார்? தோட்டத்தில் துரையோடு நேருக்குநேர் நின்று நியாயம் கேட்கக்கூடிய மாதர் சங்கத் தலைவி இருக்க, அவளை ஓரங்கட்டி, வாய் திறக்காத மைத்துனியின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு வருஷம் கழித்து, பார்த்தீர்களா, பெண்கள் வாயே திறப்பதில்லை என்று கைவிரிப்பவருக்கு என்ன பெயர் வைப்பது? தமிழில் நல்ல சொற்கள் இருக்கின்றன. அச்சேறாது.

அடுத்தது கணக்கு வாதம். மாத்தளையில் தமிழ் வாக்கு குறைவு, அதிலும் பெண்ணை நிறுத்தினால் இருக்கிற வாக்கும் உடைந்து ஆசனம் கைநழுவும், ஆகவே ‘வெல்லக்கூடிய’ ஆணை நிறுத்துவதே சமூகத்துக்கு நல்லது என்கிறார். தொழிற்சங்கவாதிக்குக் கணக்கு வரும் என்று நம்பித்தான் கேட்கிறேன்: 2015, 2020, 2024 ஆகிய மூன்று பொதுத் தேர்தல்களிலும் மாத்தளை மாவட்டத்தின் ஐந்து ஆசனங்களில் ஒன்றுக்கேனும் தமிழர் ஒருவர் தெரிவானாரா? இல்லை. அந்தத் தோல்விகளையெல்லாம் எந்தப் பெண்ணின் தலையில் கட்டப்போகிறார்? அதே மூன்று தேர்தல்களிலும் அதே மாவட்டத்தில் வென்றவர்களில் ஒருவர் ரோஹினி குமாரி விஜேரத்ன என்ற பெண் என்பது அவருடைய கணக்குப் புத்தகத்தில் எந்தப் பத்தியில் ஏறியிருக்கிறது? மாத்தளையில் பெண் வெல்லமாட்டாள் என்று மாத்தளையிலேயே இருந்துகொண்டு சொல்வதற்கு ஒன்று அபாரத் துணிச்சல் வேண்டும், அல்லது பத்திரிகை படிக்காத பழக்கம் வேண்டும்.

சிங்களப் பெண் வெல்வார், நம் பெண்ணுக்கு வாக்கு விழாது என்று அடுத்த கிளைக்குத் தாவுவார், தெரியும். 2024 நவம்பர் 14ஆம் திகதி நடந்ததை நினைவூட்டுவோம். பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பாராளுமன்றம் போனார்கள். பாராளுமன்றத்துக்குப் பெண் ஒதுக்கீடு கிடையாது. விருப்பு வாக்குச் சண்டையில், சொந்தக் கட்சி ஆண்களோடும் சேர்த்தே முட்டி மோதி வந்தவர்கள். இருவரும் வந்தது தேசிய மக்கள் சக்தியின் பட்டியலில். அந்தக் கட்சியின் கொள்கை எனக்கு உவப்பா என்பது இங்கே கேள்வியல்ல. 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தொடங்கிய நாளிலிருந்து மலையகப் பெண்ணின் சம்பளத்தில் சந்தா பிடித்து வளர்ந்த சங்கங்களில் ஒன்றுகூட, தன் பட்டியலில் ஒரு மலையகப் பெண்ணை நிறுத்தி வெல்லவைத்துப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியதில்லை என்பதுதான் கேள்வி. மத்திய மாகாணத்தில் அமைச்சராக இருந்த அனுஷியா சிவராஜாவைச் சுட்டிக்காட்டுவார்கள். நன்றாகக் காட்டட்டும். எண்பது வருஷத்துக்கு ஒரு பெயரைக் காட்டித் தப்பிக்க நினைப்பவர், அந்தப் பெயருக்கே அவமானம் தேடித் தருகிறார்.

வாக்கு சிதறிக் கிடக்கிறது என்ற புலம்பலிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. மாத்தளைத் தோட்டத் தமிழர் தாமாகச் சிதறவில்லை. 1972லும் 1975லும் வந்த காணிச் சீர்திருத்தம், இடைநாட்டுத் தோட்டங்கள் அரசு கைக்குப் போய்த் துண்டாடப்பட்டது, எழுபதுகளின் பஞ்சம், 1977, 1983 வன்செயல்கள் என்று ஒவ்வொன்றும் ஒரு கூட்டத்தை வவுனியா பக்கமும் இந்தியாவுக்கும் பெயர்த்தெறிந்தது. எஞ்சியவர்கள் தேயிலை, ரப்பர், கொக்கோ என்று சின்னச் சின்னத் தோட்டங்களில் பிரிந்து கிடக்கிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு வட்டாரத்தை வெல்ல வேண்டுமானால் நம் வாக்கை மட்டும் எண்ணிப் பயனில்லை; பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பெண்ணின் வாக்கும், டவுன் பக்கத்து முஸ்லிம் பெண்ணின் வாக்கும் வேண்டும். குடிநீர், ஆஸ்பத்திரிக்குப் போகும் ரோட்டு, பிள்ளை காம்பரா என்று பேசி அந்த வாக்கைக் கேட்கக்கூடியவர் யார்? இனத்தின் பெயரால் மீசை முறுக்கும் தலைவரா, அதே கிளினிக் வரிசையில் அதே பெண்களோடு பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்கும் பெண்ணா? ‘வெல்லக்கூடிய வேட்பாளர்’ என்ற வாதத்தை ஒழுங்காகக் கடைசிவரை கொண்டுபோனால் அது பெரியவரின் வீட்டு வாசலில் போய் நிற்பதில்லை.

இவ்வளவு தூரம் ஆசனத்தின் பெருமையைப் பேசியவர், அடுத்த மூச்சில் பிரதேச சபை என்பதே சில்லறை விவகாரம் என்கிறார்: வீதிவிளக்கு, வடிகான், மயானம், சமூகத்தின் பெரிய பிரச்சினைகளான சம்பளமும் காணியும் வேறு மேடைக்குரியவையாம். அப்படியானால் பெண்ணுக்குத் தகுதி போதாத அளவு பெரிய பதவியா இது, அல்லது யாரும் ஆசைப்படத் தேவையில்லாத அளவு சின்னப் பதவியா? இரண்டில் ஒன்றைச் சொல்லட்டும். இரண்டையும் ஒரே வாயால் சொல்வதற்குத் தொழிற்சங்கக் கூட்டத்தில் கைதட்டல் கிடைக்கலாம். தர்க்க சாஸ்திரத்தில் இடமில்லை.

உள்ளூராட்சியைச் சில்லறை என்பவருக்கு மலையகச் சரித்திரமும் சில்லறையாகத்தான் தெரிந்திருக்க வேண்டும். நம்மை இந்த நாட்டிலிருந்து வெளியே தள்ளும் வேலை 1948 குடியுரிமைச் சட்டத்தோடு தொடங்கியதாகவே மேடைகளில் பேசுகிறோம். அதற்குப் பத்து வருஷம் முன்பே, முப்பதுகளின் பிற்பகுதியில், கிராமச் சபை வாக்குரிமை விரிவுபடுத்தப்பட்டபோது தோட்டத்து இந்தியத் தொழிலாளர் வெளியே நிறுத்தப்பட்டார்கள். இந்திய அரசோடு சச்சரவாகிற அளவுக்கு அது அன்று பெரிய விஷயம். 1947இல் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சமூகத்தின் வாக்கை 1949இல் பறித்தவர்கள், ஒத்திகையைக் கிராமச் சபையில்தான் பார்த்தார்கள். குடியுரிமை 1988, 2003 சட்டங்களோடு திரும்பி வந்த பிறகும் கதை முடியவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று, தோட்டக் குடியிருப்புக்குச் சபைப் பணத்தைச் செலவிட முடியாது என்பதற்கு ஆயுதமாகவே முப்பது வருஷம் கையாளப்பட்டது. வாக்குப் போட மட்டும் தோட்டத்தான் சபையின் ஆள். பாலம் உடைந்தால் கம்பனியின் ஆள். 2018இல்தான் அது திருத்தப்பட்டது. இப்போது சபைப் பணம் லயத்துப் பக்கம் வர வழி திறந்திருக்கிறது. வழி திறந்த நேரமாகப் பார்த்து இது சில்லறை வேலை, நீ போகாதே என்று பெண்ணிடம் சொல்வது தற்செயலா?

2023ஐ எடுத்துக்கொள்வோம். மலையகத் தமிழர் வந்து 200 வருஷம் ஆனதை நினைவுகூர, ‘மலையகம் 200’ என்று, முன்னோர் கால்நடையாக வந்த வழியைத் தேடி, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்ட நடைபவனி ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் வந்து முடிந்தது. நம் தலைவர்கள் வரவேற்றார்கள், மாலை போட்டார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு வாரம்கூடச் சரியாகக் கடந்திருக்காது. அதே மாவட்டத்தில், எல்கடுவப் பக்கத்து ரத்வத்த தோட்டத்தில், தொழிலாளர் குடும்பம் ஒன்று ஒண்டுவதற்குப் போட்டிருந்த தற்காலிக வீட்டைத் தோட்டத்து உதவி முகாமையாளர் அடித்து நொறுக்கும் காணொளி நாடு முழுக்க ஓடியது. தகரம் விழும் சத்தத்துக்கு மேலே பெண்களின் கூக்குரல்தான் கேட்டது. அந்த நேரத்தில் அவர்கள் ஓடிப்போய் முறையிடத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதேச சபை உறுப்பினர் ஒருவராவது இருந்தாரா? மாவட்டத்தில் எங்குமே இருக்கவில்லை. சபைகளின் காலம் அந்த வருஷம் மார்ச் மாதத்தோடு முடிந்திருந்தது. மார்ச் 9க்குக் குறித்த தேர்தல் காசில்லை என்று தள்ளிப்போடப்பட்டது. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2024 ஆகஸ்ட்டில். தேர்தல் நடந்தது 2025 மே 6ஆம் திகதி. அந்த இரண்டு வருஷ வெறுமையைப் பற்றிப் பெரியவரின் வாதத்தில் ஒரு வரி இல்லை. சபையே இல்லாதபோது வராத காய்ச்சல், சபைக்குப் பெண் வரும்போது வருகிறது.

மொழியையும் இரவையும் பற்றிச் சொன்னதற்கு நீளமாகப் பதில் எழுதுவது காகிதத்துக்குக் கேடு. சபை நடப்பது சிங்களத்தில், தோட்டப் பெண்ணுக்கு அது வராது என்கிறார். மாத்தளையில் கடை, பஸ், ஆஸ்பத்திரி, கிராம சேவகர் என்று நாள் முழுக்கச் சிங்களத்தில் காரியம் பார்ப்பவள் அவள்தான். போகட்டும், 1987இன் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்டதே. சபைக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பெரியவர் எத்தனை முறை எழுத்தில் கேட்டார்? இரவுக் கூட்டத்துக்குப் போனால் குடும்பம் குலையுமாம். அதே பெண்ணைக் குவைத்துக்கும் ஜித்தாவுக்கும் தனியே விமானம் ஏற்றி அனுப்பியபோது குலையாத குடும்பம், உக்குவளைக்குப் பஸ் ஏறினால் குலைந்துவிடுமா?

பெரியவர் கடைசியாக எடுத்ததுதான் விஷயமுள்ள வாதம். அதற்கு மட்டும் நின்று பதில் சொல்ல வேண்டும். மலையகத்தான் என்ற அடையாளமே இன்னும் காலூன்றவில்லை, அதற்குள் பெண் என்று தனிக்கொடி பிடிப்பது சமூகத்தை இரண்டாக்கும், முதலில் சமூகம், பெண் பிறகு என்கிறார். எந்தச் சமூகம்? 1984 வரைக்கும் ஒரே மலையில், ஒரே துரையின் கீழ் வேலை செய்த பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த நாட்சம்பளம் கொடுத்த கம்பனிகளோடும் அரசோடும் கூட்டு ஒப்பந்தம் எழுதிய சமூகமா? அந்தப் பல பத்தாண்டுகளும் ‘முதலில் சமூகம்’ என்றுதானே ஓடின. பெண்ணின் முறை எந்த வருஷம் வந்தது? கொழுந்து பறிப்பவள் பெண்; அவளுக்கு மேலே கங்காணி, கணக்கப்பிள்ளை, தோட்டத் தலைவர், மாவட்டத் தலைவர் என்று ஏறிக்கொண்டே போனால் எந்தப் படியில் சேலை தெரிகிறது? சமூகம் ஏற்கெனவே இரண்டாகத்தான் இருக்கிறது. அதைச் சொன்னவளைப் பிளவுக்காரி என்பது பழைய தந்திரம்.

பெண்ணுக்கு அரசியல் மரபு இல்லை என்று கூசாமல் சேர்த்துக்கொண்டதைக் கேட்டால் மீனாட்சியம்மாளின் ஆவி சிரிக்கும். தோட்டத்துக்குள் சங்கக்காரன் கால்வைத்தாலே துரை ஆள் ஏவிய முப்பதுகளில், கணவர் கோதண்டராம நடேசய்யரோடு தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டுப் பாடிக் கூட்டம் சேர்த்தவர் அவர். நடேசய்யர் பேச்சைக் கேட்கக் கூட்டம் வந்தது என்று வரலாறு எழுதுகிறோம். அந்தக் கூட்டத்தைக் கூட்டிவைத்த குரலைப் பாதிப்பேர் மறந்துவிட்டோம். நாட்டில் எல்லோருக்கும் வாக்குரிமை வந்த அடுத்த வருஷமே, 1932இல், கொழும்பு வடக்கிலிருந்து நேசம் சரவணமுத்து அரசாங்க சபைக்குத் தெரிவானதும் பெரியவருக்கு ஞாபகமில்லை. ஞாபகம் இருந்தால் வாதம் இருக்காதே!

அனுபவம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாரே, ஒருநாள் மாலை நிறுவை நேரத்தில் கொழுந்து மடுவத்தின் பக்கம் வந்து நிற்கட்டும். தராசில் சாக்கு ஏறியதும் ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கிலோ கழிப்பார்கள். காலை நிறை எவ்வளவு, பகல் நிறை எவ்வளவு, இதுவரை எவ்வளவு கழித்தார்கள், முழுநாள் பேர் விழுமா அரைநாள் பேர் விழுமா என்று காகிதம் பென்சில் இல்லாமல் மனதுக்குள் கூட்டி வைத்திருக்கும் பெண், செக்ரோல் பதிவேட்டில் ஒரு கிலோ குறைந்தால் கணக்கப்பிள்ளையை அதே இடத்தில் நிறுத்திவைத்துக் கேட்பாள். சபையின் வரவுசெலவில் ஒரு பாலத்துக்கு ஒதுக்கிய காசு எங்கே கழிந்தது என்று கேட்க இதைவிட என்ன பயிற்சி வேண்டும்? அவளிடம் போய் உனக்கு நிர்வாகம் தெரியுமா என்பது, சமைத்துப் போட்டவளைப் பார்த்து உனக்கு அடுப்பு மூட்டத் தெரியுமா என்று ஏப்பம் விட்டுக்கொண்டே கேட்பதுதான்.

இனி, இந்தக் காய்ச்சல் எதனால் வருகிறது என்பது. தோட்டத்தில் ஆள் குறைகிறது. இளசுகள் கொழும்புக் கடைகளுக்கும் வெளிநாட்டுக்கும் போகப் போகச் சந்தாவும் குறைகிறது. மாவட்டத்தில் உழைத்த தலைவர்களுக்குச் சங்கம் கொடுக்கக்கூடிய பரிசு என்று மிஞ்சியிருப்பது அந்த ஒன்றிரண்டு சபை ஆசனங்கள்தான். அவை யாருக்கு என்பதை வட்டாரத்து வாக்காளர் பாதியும் கட்சியின் செயலாளர் பாதியுமாகத் தீர்மானிக்கிறார்கள். செயலாளர் தீர்மானிக்கும் பாதிக்குக் காத்திருக்கும் வரிசை நீளமானது, அதில் பெரியவரும் நிற்கிறார் என்று கேள்வி. தகுதி, மொழி, குடும்பம், சமூகம் என்று அவர் மாற்றி மாற்றிச் சட்டை போட்டு வந்தாலும் உள்ளே இருக்கும் உடம்பு அந்த வரிசையில் நிற்பதுதான். அதை நேராகச் சொல்லியிருந்தால் எனக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதை வந்திருக்கும்.

மாத்தளை மாவட்டத்து ஒவ்வொரு சபைக்கும் மேலதிகப் பட்டியலிலிருந்து இன்னாரை நியமிக்கிறோம் என்று கட்சி தேர்தல் ஆணைக்குழுவுக்கு எழுதிக்கொடுக்கும் கடிதம் ஒன்று உண்டு. 2018லும் 2025லும் தம் கட்சி கொடுத்த கடிதங்களில் எத்தனை ஆணின் பெயர், எத்தனை பெண்ணின் பெயர், ஒவ்வொருவரையும் எந்தத் தகுதி பார்த்து எடுத்தார்கள் என்று பெரியவர் முதலில் அச்சில் போடட்டும். பெண் வேட்பாளரின் தகுதி பற்றிய அவருடைய அடுத்த உரையை அதற்குப் பிறகு கேட்டுக்கொள்கிறோம்.